செயின் மாத்த நல்ல நாள்

செபநாயகம்: …இப்ப காரை ஸ்ராட் பண்ணுற கைபிடியை முன்னுக்குத் திருப்புறன். உள்ளுக்கை அந்தக் கட்டை சுத்துதோ தங்கச்சி?

பத்மாசினி: எந்தக் கட்டை?

செபநாயகம்: இஞ்சினுக்கு நெருப்புப் பொறி போடுற மூடிக்குள்ளை நிக்கிற கட்டை. பாத்துக்கொண்டு நில்லுங்கோ. இப்ப பின்னுக்குத் திருப்புறன்… அசையுதோ?

பத்மாசினி: இல்லை.

செபநாயகம்: இன்னும் திருப்புறன்…

பத்மாசினி: இன்னும் இல்லை… ஆ, இப்பதான் அசைஞ்சுது.

செபநாயகம்: பாத்தியளே? கைபிடி ரண்டு விரல் அகலம் சும்மா வருது. அவ்வளவும் செயின்ரை தொய்வு.

பத்மாசினி: கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ அண்ணை.

செபநாயகம்: ரண்டு விரல் எண்டு சொல்லுறன்!

பத்மாசினி: இன்னும் உரத்து.

செபநாயகம்: பக்கத்திலைதானே தங்கச்சி நிக்கிறியள்…

பத்மாசினி: தலை முழுகினனான், காதுக்கை தண்ணி. உரத்துச் சொல்லுங்கோ.

செபநாயகம்: செயின் தொய்ஞ்சு போச்சு! செயின் ஓடுற சில்லுகளின்ரை பல்லும் தேஞ்சு போச்சு! இண்டைக்கோ நாளைக்கோ இந்தக் கார் படுத்திடும்! காணுமோ?

பத்மாசினி: காணும். நல்லாக் கேட்டது.

செபநாயகம்: என்ரை தொண்டைக்கு ஆர் மருந்து வாங்கித் தாறது… அதிருக்கட்டும். மெல்லக் கேக்கிறன். வேலியடியிலை சாக்கிலை சுத்தி வைச்ச சாமான் எங்கை?

பத்மாசினி: அங்கைதானே வைச்சனீங்கள்?

செபநாயகம்: சாக்குக் கிடக்குது. சாமான் இல்லை.

பத்மாசினி: நாய் இழுத்திருக்கும். உஷ்… வேலிப் பொட்டுக்கை ஓலை சரசரக்குது.

நல்லம்மா: பிள்ளை பத்மாசினி… நிக்கிறியோ?

பத்மாசினி: நான் நிக்கிறது தெரிஞ்சுதானே வேலிப் பொட்டுக்குள்ளாலை தலை வருது. வாங்கோ நல்லம்மாக்கா. குனிஞ்சு…

நல்லம்மா: இருவது வருசமா இந்தப் பொட்டுக்குள்ளாலை குனிஞ்சு வாறன். உன்ரை கொப்பர் இருக்கேக்கையே வந்த தலை இது. உன்ரை சுளகைக் குடுத்திட்டுப் போவம் எண்டு…

பத்மாசினி: மாசியிலை வாங்கின சுளகு. இப்ப ஆவணி.

நல்லம்மா: புடைச்சு முடியவேண்டாமே?

பத்மாசினி: அதென்ன துணி போட்டு மூடிக் கொண்டாறியள்? கொண்டாங்கோ பாப்பம்.

நல்லம்மா: எடாத, எடாத. போகேக்கை தாறன். அயலட்டைக்கு வெறுஞ் சுளகு திருப்பிக் குடுக்கக்கூடாது எண்டு ஒரு சாமான் வைச்சிருக்கிறன். என்ரை அம்மா பழக்கின பழக்கம்.

பத்மாசினி: ஆறு மாசம் வைச்சிருக்கிறதும் அவ பழக்கினதோ?

நல்லம்மா: அது நானாப் பழகினது. உவர் ஆர்… கார் திருத்துற சில்லாலைக் கராச்சுக்காரரெல்லோ? நேற்றும் கண்டமாதிரிக் கிடந்தது.

செபநாயகம்: ஓம் அக்கா. செபநாயகம். பிறந்தது குருநகர், கலியாணம் கட்டினது சில்லாலையிலை.

நல்லம்மா: அது தெரியும். பெர்னடெட்டைத்தானே கட்டினனீர்? முந்தநாளும் நிண்டனீரோ? முந்தநாள் செவ்வாய்க்கிழமை நான் கீரிமலைக்குப் போட்டன், எனக்கொண்டும் தெரியாது.

பத்மாசினி: ஓமோம். நீங்கள் கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போறியள் எண்டு பத்து நாளா ஊர் முழுக்கச் சொல்லித்தானே திரிஞ்சனீங்கள். எப்பிடித் தீர்த்தம்?

நல்லம்மா: என்னத்தைச் சொல்ல… தண்ணி ஈரமாத்தான் இருந்தது.

பத்மாசினி: சரி, வந்த புதினத்தைச் சொல்லுங்கோ.

நல்லம்மா: புதினம் ஒண்டும் இல்லை. நேற்றுச் சந்தையிலை உன்ரை அண்ணை கதிரவேலரை அவற்றை கடையடியிலை கண்டனான்.

பத்மாசினி: பெரியண்ணையையோ? என்னவாம்?

நல்லம்மா: நாளைக்கு வெள்ளிக்கிழமை நெல்லியடித் தம்பிராசா, அதுதான் ஹயர்க்கார் ஓட்டுற தம்பிராசா, வந்து காரைப் பாத்து, கையோடை கொண்டு போறதெண்டு ஏற்பாடாம்.

பத்மாசினி: ஆற்றை காரை?

நல்லம்மா: நல்ல கேள்வி. இந்த ஒழுங்கையிலை எத்தினை கார் நிக்குது?

பத்மாசினி: ஒண்டுதான் நிக்குது, அது என்ரை. எனக்குச் சீதனமாத் தந்தது. ஐயா பந்தலுக்கை நாலு பேர் அறியச் சொல்லித் தந்தது. அதை வித்துப்போடப் பெரியண்ணை ஆர்?

நல்லம்மா: என்னோடை ஏன் பாயிறாய்? உன்ரை மனிசன்தானே மலாயாவிலை இருந்து எழுதினவர்… 'ஓட்ட ஆள் இருந்தால் காரை வைச்சிரு. இல்லாட்டி உன்ரை அண்ணை பாத்துச் செய்யட்டும்' எண்டு.

பத்மாசினி: அந்தக் கடதாசியை உங்களுக்கு ஆர் வாசிச்சுக் காட்டினது?

நல்லம்மா: கடதாசி வாற வழியிலைதானே பிள்ளை என்ரை வீடு.

செபநாயகம்: அப்ப எனக்கு வாற கடதாசியையும் உங்களிட்டையே கேக்கலாம் போலை.

நல்லம்மா: சில்லாலை எனக்குத் தூரம். இல்லாட்டிச் செய்யலாம்.

பத்மாசினி: நாளைக்கு வரட்டும் தம்பிராசா. படலையைத் திறந்தால்தானே கொண்டுபோக.

நல்லம்மா: சும்மா வீறாப்புக் கதையாத. ஓட்டிக்கொண்டிருந்த முத்துக்குமாரு பங்குனியோடை கொழும்புக்குப் போட்டான். இனி ஆர் ஓட்டுறது? கதிரவேலர் சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு. பத்து வருசப் பழங் கார். விடியக்காலமை ஸ்ராட் பண்ணினால் தகரப்பேணிக்கை புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினமாதிரி. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்துக்குத்தான் நான் எழும்பினனான். சேவல் பிந்தினாலும் உது பிந்தாது.

செபநாயகம்: அது செயின் அக்கா. விடியக் குளிரிலை எண்ணெய் அடியிலை கிடக்கும். தொய்ஞ்ச செயின் முன் மூடியிலை அடிக்கும். கொஞ்சம் ஓட, அடங்கும்.

நல்லம்மா: செயின் சைக்கிளுக்கெல்லோ?

செபநாயகம்: இதுக்கும் உள்ளுக்கை ஒண்டு ஓடுது. கீழ்ச் சில்லு சுத்த, அந்தச் செயின் மேல்ச் சில்லைச் சுத்தும். மேல்ச் சில்லுத்தான் இஞ்சினுக்கை இருக்கிற வாசலுகளைத் திறந்து மூடுறது.

நல்லம்மா: வாசல் பிந்தித் திறந்தால்?

செபநாயகம்: மூச்சு முட்டும். ஏத்தத்திலை இழுக்காது.

நல்லம்மா: பண்டத்தரிப்பிலை எங்கை ஐயா ஏத்தம்?

செபநாயகம்: சந்தைக்கு அங்காலை மதகு இருக்கே.

நல்லம்மா: அதிலை கோழி ஏறும்!

செபநாயகம்: கோழி ஏறும். இந்தக் கார் முக்கி முக்கித்தான் ஏறும்.

நல்லம்மா: அறுந்தால்?

செபநாயகம்: அறுந்துபோகவே தேவையில்லை. ஒரு பல்லுத் தாவினாலே காணும், நடு றோட்டிலை நிக்கும்.

நல்லம்மா: பிறகு மாட்டைக் கட்டி இழுக்கிறதுதான்.

பத்மாசினி: ஆற்றை மாடு எண்டும் இப்பவே யோசிச்சிருப்பியள்.

நல்லம்மா: எங்கடை சிவலை நல்லா இழுக்கும். அப்ப மாத்திறதுதானே? ஏன் இரண்டு பேரும் முழிச்சுக்கொண்டு நிக்கிறியள்?

செபநாயகம்: சாமான் இல்லை அக்கா! கொழும்பிலை கேட்டுப் பாத்தாச்சு! சீமையிலை இருந்து கப்பலிலை வரவேணுமாம்! தைக்கு முந்தி வராதாம்!

நல்லம்மா: ஏன் கத்திறீர்? எனக்குக் காதுக்கை தண்ணி இல்லை.

செபநாயகம்: பழக்கத்திலை வந்திட்டுது…

நல்லம்மா: ஒரு செயின் துண்டுக்குக் கப்பலோ?

செபநாயகம்: செயின் மட்டும் போட்டால் காணாது. இரண்டு சில்லும் சேத்து மாத்தவேணும். பழைய பல்லிலை புதுச் செயினைப் போட்டால், பழசு புதுசைத் தின்னும்.

நல்லம்மா: மாமி இருக்கிற வீட்டுக்கு மருமகள் போனமாதிரி எண்டு சொல்லுமன். விளங்கிச்சு.

பத்மாசினி: உங்கடை மருமகள் ஏன் நெல்லியடியிலை தாய் வீட்டிலை நிக்கிறாள் எண்டு எனக்கும் இப்ப விளங்கிச்சு.

நல்லம்மா: அவளின்ரை கதை இப்ப ஏன்? சாமான் வந்தாலும் நாள் பாத்துத்தான் பிள்ளை இஞ்சின் திறக்கவேணும். செவ்வாய் கூடவே கூடாது. வெள்ளியும் விலக்கு. சனி இரும்புக்கு அதிபதி, அவற்றை நாளிலை இரும்பைக் குடையக்கூடாது.

செபநாயகம்: ஞாயிறு எனக்குப் பூசை.

நல்லம்மா: திங்கள் விரதம், கை கால் ஓயும். புதன் நல்லது. பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது.

பத்மாசினி: புதன் நேற்றுப் போச்சு.

நல்லம்மா: வியாழனும் பாதகமில்லை.

பத்மாசினி: இண்டைக்கு வியாழன்.

நல்லம்மா: இண்டைக்குக் கரிநாள்.

பத்மாசினி: அப்ப ஒரு காரைத் திறக்க வருசத்திலை ஒரு நாளும் இல்லை.

நல்லம்மா: திறக்காமல் விடன்! ஓடுமட்டும் ஓடட்டும், நிக்கேக்கை பாப்பம். எங்கடை துலாக்கயிறை நான் அப்பிடித்தான்…

பத்மாசினி: ஓம், வாளி விழுந்த பிறகு கயிறு மாத்திறவ நீங்கள். உங்கடை கிணத்துக்கை இப்ப எத்தினை வாளி கிடக்குது?

நல்லம்மா: மூண்டு. ஒண்டு உன்ரை.

பத்மாசினி: என்ரை வாளியோ! அது களவு போச்செண்டெல்லோ நினைச்சிருந்தனான்!

நல்லம்மா: களவு போகேல்லை, பத்திரமா இருக்குது. கோடைக்குத் தண்ணி வத்தத் தருவன்.

செபநாயகம்: குருநகரிலை அப்பிடி விடேலாது அக்கா. எங்கடை அப்பர் கரையிலை நிக்கேக்கையே பாய்க்கயிறைக் கையாலை தடவிப் பாப்பார். ஒரு நார் எழும்பினாலே மாத்திப்போடுவார். கடலுக்கை போய் நிண்டு கயிறு திரிக்கேலாது.

நல்லம்மா: அப்ப உங்களுக்கு முந்தியே மாத்திறது பழக்கம் எண்டிறீர்.

செபநாயகம்: ஓம்… எண்டால்… சாமான் இருந்தால்.

நல்லம்மா: ம்… சாமான் இருந்தால். பிள்ளை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காத. முந்தநாளிலை இருந்து புளியங்கொட்டைச் சத்தத்தையே காணேல்லை.

பத்மாசினி: ஸ்ராட் பண்ணினால்தானே சத்தம். செபநாயகம் அண்ணை தொடவேண்டாம் எண்டிட்டார்.

நல்லம்மா: அப்ப ஒழுங்கை மணலிலை ரயர்த் தடம் கிடக்குதே?

பத்மாசினி: பழைய தடம்.

நல்லம்மா: நேற்றுப் பொழுதுபட நான் ஒழுங்கை முழுக்கக் கூட்டினனான்.

பத்மாசினி: நீங்கள் ஏன் ஒழுங்கை கூட்டினனீங்கள்? உங்கடை முத்தமே கூட்டாமல் கிடக்குது.

நல்லம்மா: தடம் பாக்கத்தான்.

பத்மாசினி: …தள்ளிப் பாத்தனாங்கள். ரயருக்கு நல்லதாம்.

செபநாயகம்: ஓம், ஓம். ரயருக்கு நல்லது.

நல்லம்மா: சேந்தாங்குளம் கடற்கரை மட்டும் தள்ளினியளோ? தடம் அங்கை மட்டும் போகுது.

செபநாயகம்: யேசுவே…

நல்லம்மா: அவரை இப்ப கூப்பிடாதையும். உதென்ன… ஐயோ, கை வைக்கச் சுடுது! மூண்டு நாளா எழும்பாத காருக்கு எங்காலை காய்ச்சல்?

பத்மாசினி: வெயில்.

நல்லம்மா: கொட்டிலுக்கையோ? என்ரை பூனை விடிஞ்ச நேரம் தொட்டு உதுக்கு மேலைதான் படுத்துக் கிடந்தது. சூடு இல்லாத இடத்திலை அது படுக்காது.

பத்மாசினி: பூனையையும் அயல்வீட்டு விடுப்புப் பாக்கப் பழக்கி வைச்சிருக்கிறியள்.

நல்லம்மா: பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். ஊர் கதைக்குது. மனிசன் மலாயாவிலை. விடியக்காலமை ஒரு பிற ஆம்பிளையோடை காரிலை…

பத்மாசினி: நிப்பாட்டுங்கோ.

செபநாயகம்: அக்கா, என்ரை பெர்னடெட் ஒவ்வொரு நாளும் பின் சீற்றிலை இருந்தவ! நான் தனிய ஒருநாளும் வரேல்லை. அவ செபமாலையோடைதான் ஏறுவா. வளைவுகள் வர வர உரத்துச் சொல்லுவா. சேந்தாங்குளம் போய் வர ஒரு முழுச் செபமாலை முடியும்.

நல்லம்மா: ஓகோ. வளைவிலை ஏன் பயம்? ஆர் ஓட்டுறது?

செபநாயகம்: அது… அங்கை வளைவுகள் கனக்க எல்லோ அக்கா.

நல்லம்மா: உம்மைத்தான் கேக்கிறன். நீர் ஓட்டினால் உம்முடைய பெண்சாதிக்கு ஏன் பயம்?

பத்மாசினி: நான்தான் ஓட்டுறன்.

செபநாயகம்: தங்கச்சி!

பத்மாசினி: விடுங்கோ அண்ணை. நான்தான் ஓட்டுறன் நல்லம்மாக்கா. சித்திரையிலை இருந்து. முதல் நாள் உங்கடை வேலியிலை இடிச்சதும் நான்தான்.

நல்லம்மா: மாடு முட்டினதெண்டெல்லோ சொன்னனீ!

பத்மாசினி: நீங்களும் சிவலையைக் கட்டிவைச்சு அடிச்சனீங்கள். அதுக்கு மட்டும் எனக்கு மனவருத்தம்.

நல்லம்மா: பொம்பிளை கார் ஓட்டுறதோ? சீலைத் தலைப்புச் சில்லுக்கை போனால்?

பத்மாசினி: சில்லு வெளியிலை சுத்துது, நான் உள்ளுக்கை இருக்கிறன்.

நல்லம்மா: கதிரவேலர் என்ன சொல்லுவார்? ஊர் என்ன சொல்லும்?

பத்மாசினி: ஊர் எண்டு நீங்கள் சொல்லுறது உங்களைத்தானே.

நல்லம்மா: அதுவும் சரிதான். சரி, ஓட்டுறாய். செயின் செத்துப்போன காரை என்னெண்டு ஓட்டுறாய்? அதுவும் சத்தமில்லாமல்? ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டு.

செபநாயகம்: வேண்டாம் தங்கச்சி! பல்லுத் தாவினால்…

நல்லம்மா: நீர் வாயை மூடும். கதிரவேலர் என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர், 'நல்லம்மா, கார் என்ன நிலையிலை எண்டு பாத்துச் சொல்லு' எண்டு. பாக்காமல் நான் என்னத்தைச் சொல்ல? நான் பொய் சொல்லுறேல்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லுவன், அவ்வளவுதான்.

பத்மாசினி: பாக்கத்தானே வேணும்? பாருங்கோ. கேளுங்கோ. அண்ணை, கைபிடியைச் சுத்துங்கோ.

செபநாயகம்: எல்லாம் பாழாப்போகும் தங்கச்சி…

பத்மாசினி: சுத்துங்கோ எண்டிறன்.

செபநாயகம்: ஒண்டு… இரண்டு… இந்தா.

பத்மாசினி: கேக்குதோ?

நல்லம்மா: எங்கை புளியங்கொட்டை? தையல் மிசின் மாதிரியெல்லோ ஓடுது!

பத்மாசினி: மாத்தியாச்சு. செயினும் மாத்தியாச்சு, இரண்டு பல்லுச்சில்லும் மாத்தியாச்சு. கொழும்பிலை இருந்து பெட்டி ஆனி மாசமே மெயில் ரெயினிலை வந்திட்டுது.

நல்லம்மா: எப்ப மாத்தினது?

பத்மாசினி: செவ்வாய்க்கிழமை.

நல்லம்மா: சிவ சிவா… செவ்வாயிலையோ!

பத்மாசினி: செவ்வாயிலைதான். விடிஞ்ச கையோடை திறந்து, பின்னேரம் ராகுகாலத்திலை மூடினது. சில்லு இரண்டிலையும் புள்ளிக்குப் புள்ளி நேர் பாத்துப் பூட்டினது இந்தக் கை. இஞ்சினுக்குச் செவ்வாய்தோஷம் இல்லை நல்லம்மாக்கா.

நல்லம்மா: ஆனியிலை வந்த சாமானுக்கு ஆவணி மட்டும் ஏன் காத்திருந்தனீ?

பத்மாசினி: நாள் பாத்துக்கொண்டிருந்தனான். உங்கடை கீரிமலை நாளை. இந்த ஊரிலை ஒரு இஞ்சினைத் திறக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

நல்லம்மா: எடி கள்ளி…

பத்மாசினி: இன்னும் இருக்கு. நேற்று யாழ்ப்பாணத்திலை சோதனை. சோதனைத் துரை பக்கத்து சீற்றிலை இருந்தார். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுத்தச் சொன்னார், சுத்தினன். சந்திலை பின்னுக்கு எடுக்கச் சொன்னார், எடுத்தன். ஒரு மாட்டுவண்டில் குறுக்கை வந்தது, நான் நிப்பாட்டினன், அவர்தான் கண்ணை மூடினவர். இந்தாங்கோ பாருங்கோ.

நல்லம்மா: என்ன கடதாசி இது?

பத்மாசினி: லைசென்ஸ். இது உங்கடை வீட்டு வழியாலை வரேல்லை. நானே கையிலை வாங்கிக்கொண்டு வந்தனான்.

செபநாயகம்: முடிஞ்சுது. எல்லாத்தையும் சொல்லிப்போட்டியள். விடிஞ்சதிலை இருந்து வேலியைப் பாத்துத் தொண்டை கிழியக் கத்தினது வீணாப்போச்சு. செயின் செத்துப்போச்செண்டு கதிரவேலற்றை காதுக்குப் போனால்தானே தம்பிராசா வராமல் விடுவார்? இனி இவ மத்தியானத்துக்கு முந்தி உண்மையைச் சொல்லிப்போடுவா.

நல்லம்மா: ஓ… என்ரை காதுக்குத்தானோ இந்தக் கத்தல்?

பத்மாசினி: ஓம். தந்தி அடிக்கிறதிலும் பாக்க உங்கடை வாய் கெதி எண்டு நினைச்சன். பிழையான யோசினை. நான் ஏன் என்ரை காருக்கு வேலியைப் பாத்துப் பொய் சொல்லவேணும்?

செபநாயகம்: அப்ப நாளைக்கு என்ன செய்யிறது?

பத்மாசினி: நாளை மட்டும் ஏன் காத்திருக்க? இப்பவே போறன். பெரியண்ணையின்ரை படலையிலை கொண்டுபோய் நிப்பாட்டுறன். 'ஓட்ட ஆள் இருந்தால் வைச்சிரு' எண்டுதானே கடதாசி? ஆள் இருக்குது. பொம்பிளை ஓட்டக்கூடாதெண்டு அதிலை ஒரு எழுத்தும் இல்லை. விக்கிற நாளை அவர் குறிச்சார். மாத்திற நாளை நான் குறிச்சன்.

செபநாயகம்: அவர் கத்துவார் தங்கச்சி.

பத்மாசினி: கத்தட்டும். இஞ்சின் ஓடேக்கை எனக்குக் கேக்காது. நல்லம்மாக்கா, நீங்கள் எனக்கு முந்திப் போய்ச் சொல்லுறதெண்டால் இப்பவே வெளிக்கிடுங்கோ. பொட்டுக்குள்ளாலை போனால் கிட்ட.

நல்லம்மா: பொறு, பொறு. சுளகைப் பிடி.

பத்மாசினி: இப்ப ஏன் சுளகு?

நல்லம்மா: போகேக்கை தாறன் எண்டனான் எல்லோ? துணியை எடுத்துப் பார்.

செபநாயகம்: ஆண்டவரே! பழைய செயின்!

பத்மாசினி: நல்லம்மாக்கா… இது உங்களிட்டை என்னெண்டு?

நல்லம்மா: நாய் இழுத்ததெண்டு சொன்னனீ எல்லோ, அந்த நாய் நான்தான், அந்தக் கோவத்தைப் பிறகு தீத்துக்கொள்ளுறன். கீரிமலைக்குப் போறன் எண்டு பத்து நாளா ஊர் முழுக்கச் சொன்னால்தானே நீங்கள் இஞ்சினைத் திறப்பியள்? நான் எங்கையும் போகேல்லை, முந்தநாள் முழுக்க நுளம்புக்கடியோடை இந்த வேலிக்கு அங்காலைதான் தவம் கிடந்தனான். நேற்று நீ சோதனைக்குப் போன கையோடை, உந்தச் செயினைச் சுளகிலை வைச்சுக்கொண்டுபோய்ச் சந்தையிலை உன்ரை அண்ணைக்குக் காட்டினன். ஒரு பொய் சொல்லேல்லை. 'உங்கடை தங்கச்சியின்ரை காருக்கை இருந்தது, இந்தா பாருங்கோ' எண்டன், கார் செத்துப்போச்செண்டு மிச்சத்தை அவரே நினைச்சார். தம்பிராசாவை வரவேண்டாம் எண்டு அங்கை நிண்டே ஆள் அனுப்பினவர். ஏற்பாடு எண்டுதானே உனக்குச் சொன்னனான், நிண்டுபோச்சோ எண்டு நீ கேக்கேல்லையே? இந்தக் கார் நெல்லியடிக்குப் போனால் நான் பிறகு ஆற்றை விடுப்புப் பாக்கிறது, கோழியின்ரையோ? தள்ளும் செபநாயகம், முன் சீற் எனக்கு. எடு பிள்ளை காரை… சீ, ஒழுங்கையாலை ஒளிச்சுப் போகாத, சந்தைக்குள்ளாலை விடு. அந்த மதகிலை ஏறேக்கை, உன்ரை அண்ணையின்ரை கடைவாசல் வரைக்கும் கேக்க ஹோண் அடி!